தராசு முள்ளும் நம் கண்ணும்

தேர்தலில் தோற்றவர் தம் தோல்விக்குக் காரணம் தேடுவது இயல்பு. பணம் போதவில்லை என்பார். தோழர்கள் கைவிட்டனர் என்பார். மக்கள் ஏமாந்தனர் என்றுகூடச் சொல்வார். இவை அனைத்தினும் எளிதாகக் கைக்கு எட்டும் காரணம் மற்றொன்று உண்டு. செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் ஓரவஞ்சனை செய்தன என்பதே அது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் அதிபர் தேர்தலில் இந்தக் குற்றச்சாட்டு எழாத முறையே இல்லை எனலாம். தோற்றவர் மட்டுமன்றி வென்றவரும் இதனைக் கூறுகிறார் என்பதுதான் வியப்பு.

பிறநாட்டுத் தேர்தலைப் பற்றி நாம் ஏன் கவலை கொள்ள வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்கச் செய்தித்துறை நெடுங்காலமாக ஆராயப்பட்ட ஒன்று. அதன் பிழைகள் அளக்கப்பட்டுள்ளன. சில நீதிமன்றம் வரை சென்றுள்ளன. எனவே ஓரவஞ்சனை என்னும் சொல்லை உணர்ச்சிவயப்படாமல் எடைபோட்டுப் பார்க்க அந்நாடு நல்லதோர் ஆய்வுக்களம். மேலும், அந்நாட்டுத் தேர்தலைப் பற்றி நம் வீட்டுக்கு வரும் செய்தியும் பெரும்பாலும் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்களின் வழியாகவே வருகிறது. அங்கே எது செய்தி என்று தெரிவு செய்யப்படுகிறதோ, அதுவே இங்கே மொழிபெயர்க்கப்பட்டு நம் கையில் கிடைக்கிறது.

நாம் இங்கே எழுப்பும் கேள்வி ஒன்றே. சாய்வது தராசின் முள்ளா, பார்க்கும் கண்ணா?

கொடி பிடித்த நாளிதழ்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாளிதழ்கள் நடுவுநிலைமை என்று பாசாங்கு செய்ததில்லை. கட்சிக்காரர் பணம் கொடுத்தனர். கட்சிக்காக இதழ் நடந்தது. ‘டெமாக்ரட்’ என்றும் ‘ரிப்பப்ளிக்கன்’ என்றும் இதழ்களுக்கே பெயர் சூட்டினர். வாசகரும் எந்தக் கடையில் எந்தச் சரக்கு கிடைக்கும் என்று அறிந்தே வாங்கினர். அதில் ஒருவகை நேர்மை இருந்தது. பின்னர், இதழியல் ஒரு தொழிலாக வளர்ந்தபோது, செய்தி வேறு, கருத்து வேறு என்னும் கோட்பாடு வேரூன்றியது. தலையங்கப் பக்கத்தில் இதழ் தன் ஆதரவை வெளிப்படையாகக் கூறலாம். செய்திப் பக்கமோ எல்லாருக்கும் பொதுவானது என்பது உடன்பாடு. இந்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட பிறகே ஓரவஞ்சனை ஒரு குற்றமாயிற்று. வாக்குறுதி கொடுத்தவன்மீதுதானே வாக்குத் தவறினான் என்று குற்றம் சாட்ட இயலும்?

1948-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாளிட்ட ‘சிகாகோ டெய்லி டிரிபியூன்’ இதழின் முதற்பக்கத் தலைப்பு இதழியல் வரலாற்றில் அழியா இடம் பெற்றது. டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்தில் அது அறிவித்தது. உண்மையில் வென்றவர் ஹாரி ட்ரூமன். தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 303, தாமஸ் டூயிக்கு 189. பின்னர்ச் செயின்ட் லூயிஸ் இரயில் நிலையத்தில் அவ்விதழைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துச் சிரித்த ட்ரூமனின் நிழற்படத்தைப் பலரும் பார்த்திருப்பர்.

அவ்விதழின் உரிமையாளர் ராபர்ட் மக்கார்மிக் குடியரசுக் கட்சியின் தீவிர ஆதரவாளர். ட்ரூமனை இகழ்ந்து எழுதிய இதழ் அது. ஆகவே, ஆசையே செய்தியாகிவிட்டது என்று முடிவு கட்டுவது எளிது. ஆயினும் காரணங்கள் பல. அச்சுக்கோப்பவரின் வேலைநிறுத்தம் ஓராண்டாக நீடித்தது. அதனால் பக்கங்களை வழக்கத்தினும் பல மணி நேரம் முன்னதாக முடிக்க வேண்டியிருந்தது. கருத்துக் கணிப்பாளர் அனைவரும் டூயியே வெல்வார் என்றனர். அவருள் எல்மோ ரோப்பர் என்பவர் முடிவு தெளிவாகிவிட்டதென்று செப்டம்பர் மாதத்திலேயே கணிப்பை நிறுத்திக்கொண்டார். வாஷிங்டனில் இருந்த மூத்த நிருபரும் அவ்வாறே உறுதி கூறினார். அவசரம், பிறர்மீது வைத்த நம்பிக்கை, உள்ளத்தின் விருப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அத்தலைப்பை எழுதின. விருப்பம் தனியே பொய் சொல்வது அரிது. ஐயப்பட வேண்டிய நேரத்தில் ஐயப்படாமல் இருக்கச் செய்வதே அதன் வேலை. டூயி தோற்பார் என்று கணிப்புகள் சொல்லியிருந்தால் அவ்விதழ் இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கக்கூடும் அன்றோ?

தீய எண்ணமற்ற சாய்வு

ஓரவஞ்சனை என்றதும் உள்நோக்கத்தை நினைக்கிறோம். உள்நோக்கம் சிறிதும் இல்லாமலும் தராசு சாயும் என்பதற்கு 1936-ஆம் ஆண்டின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் சான்று. ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அது அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் நிரப்பி அனுப்பினர். மிகப் பெரிய கணிப்பு அது. குடியரசுக் கட்சியின் ஆல்ஃபிரட் லாண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வாக்குகள் எண்ணப்பட்டபோது ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களுள் 46-ஐ வென்றிருந்தார். மெய்ன், வெர்மான்ட் என்னும் இரண்டே மாநிலங்கள் லாண்டனுக்குக் கிடைத்தன.

எங்கே தவறு நேர்ந்தது? முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, தொலைபேசியும் மோட்டார் வாகனமும் இல்லாத ஏழை எளியவர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சீட்டுப் பெற்றவருள்ளும் ஆட்சியின்மீது சினம் கொண்டவரே மிகுதியாகத் திருப்பி அனுப்பினர். அதற்கு முந்திய தேர்தல்களைச் சரியாகக் கணித்துப் புகழ் பெற்றிருந்த அவ்விதழ் இரண்டாண்டுக்குள் மறைந்துபோயிற்று.

அதன் ஆசிரியர் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. யாரைக் கேட்டார் என்பதிலும், யாரைக் கேட்க மறந்தார் என்பதிலுமே பிழை புகுந்தது. செய்தியின் சாய்வை ஆராய்வோர் எழுதப்பட்ட சொற்களை மட்டும் பார்த்தால் போதாது. எவருடைய குரல் அந்தப் பக்கத்தில் இடம் பெறவே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓர் அடைமொழியின் பாரம்

நம் வாசகருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1928-இல் சனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்ற ஆல்ஃபிரட் ஸ்மித் ஒரு கத்தோலிக்கர். ஹெர்பர்ட் ஹூவரிடம் அவர் படுதோல்வி அடைந்தார். அவருடைய சமயமும் தோல்விக்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 32 ஆண்டு கழித்து ஜான் கென்னடி களமிறங்கியபோது அப்பழைய நினைவு செய்தியாளரின் மேசைகளில் விழித்துக்கொண்டது.

விஸ்கான்சின் மாநில முதல்நிலைத் தேர்தலின்போது, எந்தப் பகுதியில் கத்தோலிக்கர் எத்தனை பேர், அவர் யாருக்கு வாக்களிப்பர் என்பதே செய்திகளின் பெரும்பொருளாயிற்று. 1960 ஏப்ரல் 21-ஆம் நாள் வாஷிங்டனில் கூடிய அமெரிக்க நாளிதழ் ஆசிரியர் சங்கத்தின்முன் கென்னடி உரையாற்றினார். அவர் சினந்து பேசவில்லை; சான்று காட்டினார். 15 பத்திகள் கொண்ட ஒரு செய்திக் கட்டுரையில் கத்தோலிக்கர் என்னும் சொல் 20 முறை வந்திருப்பதையும், பால் பண்ணை பற்றியோ படைக்குறைப்பு பற்றியோ தொழிலாளர் சட்டம் பற்றியோ ஒரு சொல்லும் அதில் இல்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். தம் சமயத்தைப் பற்றிக் கேட்பதே தவறு என்று அவர் கூறவில்லை. அது ஒன்றையே கேட்பது வாக்காளருக்கு இழைக்கும் தீங்கு என்பதே அவர் வாதத்தின் உட்பொருள். பின்னர், செப்டம்பர் 12-ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் புரோட்டஸ்டன்ட் போதகர்கள்முன் நின்று சமயமும் அரசும் பிரிந்திருக்க வேண்டும் என்னும் தம் நிலைப்பாட்டை விளக்கினார்.

அக்கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். அவர் கத்தோலிக்கர்தாமே! ஆயினும் இருபது உண்மைகள் சேர்ந்து ஓர் உண்மைக்கேடு ஆகிவிடுகின்றன. எதை அழுத்திச் சொல்வது, எதை விட்டுவிடுவது என்னும் தெரிவிலேயே சாய்வு ஒளிந்திருக்கிறது. பொய் சொன்னால் மறுப்பு வெளியிடச் செய்யலாம். அழுத்தத்தில் நேரும் பிழைக்கு மறுப்பு ஏது?

இதே தேர்தலில் மறுபக்கமும் உண்டு. தலையங்கத்தில் ஆதரவு தெரிவித்த நாளிதழ்களுள் பெரும்பான்மை ரிச்சர்ட் நிக்சனையே ஆதரித்தன. ஆனால் வேட்பாளருடன் ஊர் ஊராகச் சென்ற நிருபர்களோ கென்னடியின் நகைச்சுவையிலும் நட்பிலும் ஈர்க்கப்பட்டிருந்தனர் என்பதை அத்தேர்தலின் வரலாற்றை எழுதிய தியோடர் வைட் பதிவு செய்துள்ளார். உரிமையாளர் ஒரு பக்கம், நிருபர் மறுபக்கம். செய்தித்துறை எந்தப் பக்கம் என்று கேட்டால் ஒரே விடை சொல்ல இயலாது. எனவே குற்றம் சாட்டுபவர் தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்வதும் எளிதாகிறது. அறுபது ஆண்டு கழித்து, 2020-இல் வென்ற ஜோ பைடன் இரண்டாவது கத்தோலிக்க அதிபரானார். அப்போது அந்த அடைமொழி தேர்தலின் பெருங்கேள்வியாக எழவில்லை.

குற்றச்சாட்டே படைக்கலமானால்

1969 நவம்பர் 13-ஆம் நாள், துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ டெ மாயின் நகரில் ஆற்றிய உரை தொலைக்காட்சிச் செய்தித்துறையை நேரடியாகத் தாக்கியது. நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் வாழும் ஒரு சிறு குழுவினரே நாடு எதைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்கின்றனர் என்றார் அவர். இந்த வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. மூன்றே தொலைக்காட்சி நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் செய்தி வழங்கிய காலம் அது. அத்துணை அதிகாரம் சிலர் கையில் இருப்பதை எந்தக் குடிமகனும் கேள்வி கேட்கலாம்.

ஆயினும் அக்கேள்வியை எழுப்பியது ஆட்சியில் இருந்த அரசு. எழுப்பியது திறனாய்வுக்காக அன்று, அடக்குவதற்காக. மூன்றாண்டு கழித்து நடந்த தேர்தலில் என்ன நிகழ்ந்தது? 1972-இல் ஆதரவு தெரிவித்த நாளிதழ்களுள் மிகப் பெரும்பான்மை நிக்சனையே ஆதரித்தன. அவ்வாண்டு ஜூன் 17-ஆம் நாள் வாட்டர்கேட் கட்டடத்தில் நடந்த அத்துமீறலை ‘வாஷிங்டன் போஸ்ட்’ விடாது துருவி எழுதியது. ஆனால் தேர்தல் முடியும் வரை பெரும்பாலான இதழ்கள் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நிக்சன் 49 மாநிலங்களில் வென்றார். 1974 ஆகஸ்டில் பதவி விலகினார். செய்தித்துறை எமக்குப் பகை என்று முழங்கியவருக்கு அத்துறை செய்த பேருதவி, கேட்க வேண்டிய நேரத்தில் கேளாமல் இருந்ததே எனலாம். ஓரவஞ்சனை என்னும் குற்றச்சாட்டு செய்தியாளரை அஞ்சச் செய்கிறது. அஞ்சியவர் நடுவில் நிற்பதாக எண்ணிக்கொண்டு வலியவர் பக்கம் ஒதுங்கிவிடுகின்றனர்.

காண்பவர் கண்

இனி வாசகரின் பக்கம் வருவோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராபர்ட் வலோன், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகிய மூவர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1982-இல் பெய்ரூட் நகரின் அகதி முகாம்களில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்திகளை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினர். இசுரேல் சார்புடையோரும் அரபு மக்கள் சார்புடையோரும் பார்த்தவை அதே படச்சுருள்களே. ஆனால் இரு சாராரும் அவை தங்களுக்கு எதிராக ஓரவஞ்சனை செய்கின்றன என்றனர். கருத்தளவில் மட்டும் அன்று; அதே படத்தில் தம் தரப்பைக் குறைகூறும் இடங்களே மிகுதி என்று இரு சாராரும் எண்ணிச் சொல்லினர். 1980 அதிபர் தேர்தலை ஒட்டி அவர்கள் நடத்திய சிறு விசாரணையிலும் இவ்வாறே தெரிந்தது. செய்தித்துறை சார்புடையது என்று கருதியோருள் மிகப் பெரும்பாலோர், அது தம் வேட்பாளருக்கே எதிரானது என்றனர்.

இதற்கு விளக்கம் கடினமன்று. ஒரு வழக்கில் உண்மை முழுவதும் நம் பக்கமே என்று நம்புகிறவருக்கு, இரு தரப்பையும் சமமாகச் சொல்லும் செய்தி, பொய்க்குப் பாதி இடம் கொடுத்ததாகவே தோன்றும். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்துத் துலாக்கோலை உவமை காட்டினார். அக்கோல் சமமாக நிற்கும்போதே ஒருவருக்குச் சாய்வாகத் தோன்றுமானால், சாய்ந்திருப்பது அவர் தலையே.

ஆயினும் இங்கே எச்சரிக்கை வேண்டும். இந்த ஆய்வைச் செய்தியாளர் சிலர் தமக்குக் கேடயமாக்கிக்கொண்டனர். இரு தரப்பும் எம்மைத் திட்டுகின்றன. ஆகவே நாம் நடுவில் நிற்கிறோம் என்பது அவர்கள் வாதம். இது தருக்கமாகாது. இரு பக்கமும் வசை வாங்குபவர் நடுவர் என்பது உறுதியில்லை. இரு பக்கமும் தவறு செய்தவராகவும் இருக்கலாம்.

கண்ணின் குற்றம் அல்லாதவை

2000 நவம்பர் 7-ஆம் நாள் இரவு இதற்குச் சான்று. ஃபுளோரிடா மாநிலத்தில் அல் கோர் வென்றார் என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் மாலையிலேயே அறிவித்தன. அம்மாநிலத்தின் மேற்குப் பகுதி வேறு நேர மண்டலத்தில் இருப்பதால் அங்கே வாக்குப்பதிவு இன்னும் முடியவில்லை. பின்னர் அறிவிப்பைத் திரும்பப் பெற்றன. நள்ளிரவுக்குப் பின் இரண்டு மணியளவில் ஜார்ஜ் புஷ் வென்றார் என்று ஃபாக்ஸ் நிறுவனம் முதலில் அறிவிக்க, மற்றவை அடுத்தடுத்து வழிமொழிந்தன. விடியுமுன் அதனையும் திரும்பப் பெற்றன. ஃபாக்ஸ் நிறுவனத்தில் அம்முடிவை எடுத்த குழுவின் தலைவர் புஷ்ஷின் உறவினர் என்பது பிறகு பெரும்பேச்சாயிற்று. எல்லா நிறுவனங்களும் ஒரே கணிப்பு அமைப்பின் புள்ளிகளையே நம்பியிருந்தன. ஒருவரை ஒருவர் முந்த ஓடின. இறுதியில் வேறுபாடு 537 வாக்குகள். முதற்பிழையால் குடியரசுக் கட்சியினரும் இரண்டாம் பிழையால் சனநாயகக் கட்சியினரும் புண்பட்டனர். அச்சினம் வெறும் கண்மயக்கம் அன்று.

2004-இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி, புஷ்ஷின் படைப்பணி பற்றிய ஆவணங்கள் எனச் சிலவற்றை ஒளிபரப்பியது. அவை மெய்யானவை என்று நிறுவ இயலவில்லை. தனிக்குழு ஆராய்ந்து, உரிய சோதனை இன்றி விரைந்து ஒளிபரப்பப்பட்டது என்று கண்டது. பொறுப்பாளர் சிலர் பதவி இழந்தனர். பிழையை ஆராயத் தனிக்குழு அமைத்ததும் அதன் அறிக்கையை வெளியிட்டதும் பாராட்டத்தக்கவை. நம்பிக்கைக்கு நேர்ந்த இழப்பை அவை முழுதும் ஈடுசெய்யவில்லை.

இவை ஒருபுறம் இருக்க, அமைதியாக நிகழும் வேறொரு சாய்வும் உண்டு. 2016 தேர்தலை ஆராய்ந்த ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஷோரென்ஸ்டீன் மையத்தைச் சார்ந்த தாமஸ் பேட்டர்சன், பொதுத்தேர்தல் கட்டத்தில் ஹிலரி கிளின்டனைப் பற்றிய செய்திகளுள் 64 விழுக்காடும், டொனால்டு டிரம்ப்பைப் பற்றியவற்றுள் 77 விழுக்காடும் எதிர்மறையானவை என்று கண்டார். முதல்நிலைத் தேர்தல்களையும் சேர்த்து ஓராண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டாலோ கிளின்டனுக்கு 62, டிரம்ப்பிற்கு 56. எந்தக் காலத்தை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து முள் இடம் மாறுகிறது. இவற்றினும் கவலை தருவது மற்றொரு கணக்கு. யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்னும் குதிரைப் பந்தயச் செய்தி 42 விழுக்காடு. சர்ச்சைகள் 17 விழுக்காடு. வேட்பாளரின் கொள்கைகளுக்குக் கிடைத்த இடம் 10 விழுக்காடு. இடப்பக்கமா வலப்பக்கமா என்று நாம் வாதிட்டுக்கொண்டிருக்க, தராசில் வைக்க வேண்டிய பொருளையே கீழே வைத்துவிட்டனர்.

வாசகர் கேட்ட செய்தி

1949 முதல் வானொலியும் தொலைக்காட்சியும் மாறுபட்ட கருத்துகளுக்கு நியாயமான இடம் தர வேண்டும் என்னும் விதி அமெரிக்காவில் இருந்தது. 1987-இல் அது கைவிடப்பட்டது. 1996-இல் ஃபாக்ஸ் நியூஸும் எம்.எஸ்.என்.பி.சி.யும் தோன்றின. எல்லாரையும் சற்றே திருப்திப்படுத்தும் மூன்று கடைகளின் காலம் போய், ஒரு சாராரை முழுதும் திருப்திப்படுத்தும் பல கடைகளின் காலம் வந்தது.

இதன் விளைவை 2020 தேர்தலில் கண்டோம். நவம்பர் 3-ஆம் நாள் இரவு, அரிசோனா மாநிலத்தில் பைடன் வென்றார் என்று அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ். அதன் நேயர்களுள் பெரும்பாலோர் டிரம்ப்பின் ஆதரவாளர். அறிவிப்பு மிக விரைவானது என்று வல்லுநர் சிலரும் கருதினர். முடிவில் 10,457 வாக்கு வேறுபாட்டில் அது சரியாயிற்று. ஆனால் நேயர்கள் சினந்தனர்; தமக்கு இனிய செய்தி கூறும் வேறு அலைவரிசைகளுக்குச் சிலர் நகர்ந்தனர். அதன்பின் அதே நிறுவனத்தின் நிகழ்ச்சிகளில், வாக்கு எந்திரங்கள் வாக்குகளை மாற்றின என்னும் கதைகள் ஒலித்தன. டொமினியன் என்னும் எந்திர நிறுவனம் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் வெளிவந்த உள்மடல்கள், நிறுவனத்துள் பலர் அக்கதைகளை நம்பவில்லை என்பதையும், நேயர்களை இழந்துவிடுவோம் என்று அஞ்சினர் என்பதையும் காட்டின. 2023 ஏப்ரல் 18-ஆம் நாள் 78 கோடியே 75 இலட்சம் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் வழக்கை முடித்துக்கொண்டது. அரிசோனா முடிவைத் தொலைக்காட்சியில் நின்று விளக்கிய அரசியல் ஆசிரியர் கிறிஸ் ஸ்டையர்வால்ட் 2021 சனவரியில் பணியை இழந்தார். நிறுவனம் அதனை மறுசீரமைப்பு என்றது.

இங்கே பொய் மேலிருந்து கீழே வரவில்லை. வாசகரிடமிருந்து மேலே சென்றது. தனக்கு வேண்டிய செய்தியை விலை கொடுத்துக் கேட்டவர் நேயர், கொடுத்தது நிறுவனம். செய்தித்துறை ஓரவஞ்சனை செய்கிறது என்று பல்லாண்டாக முறையிட்ட அதே வாய்தான், உண்மை வந்தபோது அதனையும் ஓரவஞ்சனை என்றது.

மறுதரப்பும் இச்சோதனைக்கு விலக்கன்று. 2024 தேர்தலுக்கு 11 நாள் முன்னதாக, எந்த வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை என்று ‘வாஷிங்டன் போஸ்ட்’ அறிவித்தது. உரிமையாளர் தம் பிற தொழில்களை எண்ணி அஞ்சினாரோ என்னும் ஐயம் எழுந்தது, அவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. இரண்டரை இலட்சம் வாசகர் சந்தாவை நிறுத்தினர் என்று செய்தி வந்தது. அவர்களின் அறச்சினம் புரிகிறது. எனினும் தண்டனை உரிமையாளரின் செல்வத்தைத் தொடவில்லை. நாள்தோறும் ஆவணங்களைத் துருவும் செய்தியறையையே அது தொட்டது. கருத்துப் பக்கத்தின் குற்றத்துக்குச் செய்திப் பக்கம் பட்டினி கிடக்க நேர்ந்தது.

கேலப் நிறுவனத்தின் கணக்கின்படி, செய்தித்துறையின்மீது நம்பிக்கை கொண்ட அமெரிக்கர் 1976-இல் 72 விழுக்காடு, 2024-இல் 31. அவ்வாண்டில் சனநாயகக் கட்சியினருள் 54 விழுக்காட்டினரும் குடியரசுக் கட்சியினருள் 12 விழுக்காட்டினருமே நம்புவதாகக் கூறினர். ஒரே நாட்டின் மக்கள் இருவேறு செய்திகளில் வாழ்கின்றனர். தேர்தல் முடிவை ஏற்பதற்குக்கூட, முடிவு இதுவே என்று இருவரும் நம்பும் ஒருவர் சொல்ல வேண்டும். அத்தகையவர் எவரும் இல்லாதபோது தோல்வியை ஏற்பது எங்ஙனம்? 2021 சனவரி 6-ஆம் நாள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்டது இக்கேள்விக்கு நேர்ந்த கொடிய விடையே.

வாசிப்போர்க்குச் சில அளவுகோல்கள்

எல்லாச் செய்தியும் பொய் என்று ஒதுங்குவது அறிவுடைமை ஆகாது. அது சோம்பலின் மறுபெயர். எதையும் நம்பாதவன் இறுதியில் தனக்கு இனியதை மட்டும் நம்பத் தொடங்குகிறான். இலக்கியத்தை வாசிக்கும் அதே கவனத்தோடு செய்தியையும் வாசிக்கலாகாதா?

முதலில் வினைச்சொல்லைப் பார்ப்போம். ஒரு வேட்பாளர் ‘கூறினார்’, மற்றவர் ‘மழுப்பினார்’. ஒருவர் ‘விளக்கினார்’, மற்றவர் ‘சாடினார்’. இரு பெயர்களையும் இடம் மாற்றி வாசித்தால் வினைச்சொற்களும் அப்படியே நிற்குமா? அடுத்து, தலைப்பும் உடலும் பொருந்துகின்றனவா என்று பார்ப்போம். எட்டாம் பத்தியில் ஒளிந்திருக்கும் உண்மை தலைப்பை மறுப்பதுண்டு. மூன்றாவதாக, யாரைக் கேட்டனர், யாரைக் கேட்கவில்லை? பெயர் சொல்லாத ‘வட்டாரங்கள்’ எத்தனை? நான்காவதாக, பிழை நேர்ந்தபின் அவ்விதழ் என்ன செய்தது? பிழை செய்யாத இதழ் இல்லை. முதற்பக்கத்தில் செய்த பிழையை எந்தப் பக்கத்தில், எத்துணைப் பெரிய எழுத்தில் திருத்துகிறது என்பதே அதன் குணத்தை அளக்கும் கோல்.

இந்த நான்கும் செய்தியாளரை அளப்பதற்கு. வாசகரை அளக்க ஒரே கேள்வி போதும். நமக்கு வேண்டியவர் தோற்றார் என்னும் செய்தியை, நாம் விரும்பி வாங்கும் இதழே முதலில் கொண்டுவந்தால், நாளைக் காலை அதே இதழை வாங்குவோமா? வாங்குவோம் என்று மனமார விடை கூறுகிறவரே ஓரவஞ்சனையைப் பற்றி முறையிடும் தகுதி உடையவர். அத்தகைய வாசகர் பெருகினால் ஆசிரியருக்கும் துணிவு பிறக்கும். அவர்கள் இல்லாத ஊரில் நேர்மையான செய்தியாளர் தம் வேலையை இழப்பார். முறையீடு மட்டும் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும்.